வில்லுக்கத்தியின் பூட்டு

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வருகிற ஆடியில் ஊருக்கு வரும்போது தகப்பனாருக்கென்று ஒரு நல்ல வில்லுக்கத்தி வாங்கிவர உத்தேசித்திருப்பதாகவும், அமெரிக்கக் கம்பெனியான பக்கின் 110ஆம் இலக்கக் கத்தியிலேயே உருக்கிலும் விலையிலும் வேறுபட்ட பல ரகங்கள் இருப்பதால் எதை எடுப்பதென்று விளங்கவில்லையென்றும் எழுதியிருந்தாய். விலை கூடியதே எல்லார்க்கும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதே. அந்தக் கத்தி உண்டான விதத்தையும், அதில் பிற்பாடு செய்த மாற்றங்களின் காரணத்தையும் அறிந்துகொண்டாயானால் உனக்கே வழி தெரியும்.

மடக்கும் கத்தி இந்தத் துறைமுகத்துக்குப் புதிதன்று. 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரையில், ஆங்கிலேய மாலுமிகள் கயிற்றில் கட்டி உடன்வைத்திருந்த ஷெபீல்ட் கத்திகளிற் சில, டொக்யார்டில் வேலைபார்த்த நம்மவர் கைகளுக்கும் வந்து சேர்ந்தன. உன் பாட்டனார் வைத்திருந்த ஒன்றை நான் ஆசையோடு புரட்டிப் பார்த்ததுண்டு. கறுத்த, சொரசொரப்பான பிடி. ஆடுகிற கப்பலில் தன்னையோ அடுத்தவனையோ குத்திவிடாதபடி நுனி மழுங்க இறங்கிய அகன்ற அலகு. தகரம் திறக்க ஒரு சிறு அலகு. கயிற்றுப் புரிகளைப் பிரித்துப் பின்னுவதற்கு முதுகுப்புறத்தில் ஓர் இரும்பு முள். இத்தனை யோசனையோடு செய்யப்பட்ட அச்சாதனத்துக்கு இருந்த குறை ஒன்றேயாயினும் அது பெருங்குறை: விரித்த அலகை நிறுத்திவைத்தது உள்ளேயிருந்த வில்லின் இறுக்கம் மாத்திரமே. நனைந்த வடத்தில் அலகு சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்க முன்பின்னாக அசைக்கையில் முதுகிலே சற்றே பாரம் விழுந்தாலும் கத்தி மடங்கிப் பிடித்த விரல்களின் மேலேயே வந்து விழும்.

இதற்குப் பரிகாரமான முதுகுப் பூட்டை பக் குடும்பத்தார் கண்டுபிடிக்கவில்லை. ஐரோப்பியக் கத்திகளில் அது முன்னரே உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் கொல்லுப்பட்டறைப் பையனாயிருந்த ஹொய்ட் பக், 1902இல் உருக்குக்குப் பதமேற்றும் நல்ல முறையொன்றைத் தேடிக் கண்டு, தேய்ந்த அரங்களைக் கொண்டே கத்தி செய்யத் தொடங்கினார். 1942 சித்திரையில் யப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்த அந்த யுத்தகாலத்தில், அவர் ஐடஹோவில் ஒரு தேவாலயத்தின் போதகராயிருந்துகொண்டு படைவீரருக்குக் கத்தி அடித்துக் கொடுத்தார். அவருடைய மகன் அல் பக், உறையிலிட்ட நீண்ட வேட்டைக் கத்திக்கு நிகரான வலிமையை மடக்குக் கத்திக்குக் கொடுக்க வேண்டுமென்று முயன்று, சான் டியாகோவிலிருந்து 1964இல் வெளியிட்டதே இந்த 110.

அதன் பூட்டை நீ கையில் எடுத்ததும் கவனித்துப் பார். முதுகிலே ஓடும் உருக்குச் சட்டமொன்று, கிணற்றுத் துலாவைப் போல நடுவிலே அச்சில் நிற்கிறது. அலகு முழுதாக விரிந்தவுடன் சட்டத்தின் முன்முனைக் கொக்கி, அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் ‘டக்’கென்று இறங்கும், பின்முனையைப் பெருவிரலால் அழுத்தினால் கொக்கி மேலெழும்பி அலகு விடுபடும். அந்தப் பள்ளத்தில் மீன்செதிளோ மணலோ உறைந்துவிட்டால் கொக்கி அரைகுறையாகவே அமரும். ஆதலால் வாடியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடவேண்டியது இன்றியமையாத காரியம்.

இரு முனைகளிலும் பித்தளை, நடுவிலே கருங்காலி. இந்தப் பிடியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமலிருக்க மனமில்லை. உலகத்துக் கருங்காலிகளில் கலப்பற்ற கறுப்புக்குப் பேர்போனது இலங்கையினது; திருகோணமலைக்கு மேற்கேயுள்ள சமவெளிக் காடுகளில் அது மிகுதியாக வளர்ந்ததை எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலில் குறித்திருக்கிறார். வெட்டி ஏற்றியே அந்தச் செல்வத்தைக் கரைத்தார்கள். எஞ்சிய மரங்களைச் சட்டம் காக்கிறது. உன் கத்தியின் பிடிக்குக் கமரூன் நாட்டிலிருந்து மரம் வருகிறது.

இனி உருக்கு. சாதாரண 110இன் அலகுக்கான 420எச்சி என்பது ஏறக்குறைய 0.45 வீதம் கரியும் 13 வீதம் குரோமியமும் கொண்டது. மேம்பட்ட ரகத்திலுள்ள எஸ்30வி, உருகிய உலோகத்தைத் தூளாகச் சிதறடித்து, அந்தத் தூளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மீண்டும் ஒன்றாக்கிச் செய்வது, கரி 1.45 வீதம், குரோமியம் 14, வனேடியம் 4. வனேடியம் கரியோடு சேர்ந்து உண்டாகும் மிகக் கடினமான துகள்களே அதன் கூர்மையை நெடுநாள் நிலைக்கச் செய்பவை. அதே துகள்கள்தாம், கூர் மழுங்கிய பின் நமது சாதாரண சாணைக்கல்லுக்கு அலகை எளிதில் இணங்கவிடாதவையும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். உப்புநீரின் துருவை எதிர்ப்பதிலோ, கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குத் தக்க உயர்வு அதில் இல்லை.

உன் தகப்பனார் கொட்டியாரக் குடாவில் வலை இழுக்கிறவர். வள்ளத்தின் அணியத்தில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் நாலு இழுப்பில் கூராக்கிக்கொள்வது அவருடைய நெடுநாட் பழக்கம். அவருக்குச் சாதாரண 420எச்சியே உத்தமம். பித்தளையில் களிம்பேறினால் அக்கா புளி போட்டு விளக்கிவிடுவாள். நீயோ மான் வேட்டைக்கும் காட்டு முகாமுக்கும் போகிறவன், கூராக்க வசதியற்ற இடத்தில் நாட்கணக்காகத் தங்குகிறவன். உனக்கு எஸ்30வி தகும். நைலான் பிடியிட்ட இலேசான ரகம் எடையில் பாதிக்கும் குறைவுதான். ஆயினும் நனைந்த கைக்குப் பாரமுள்ள பிடியே ஸ்திரம் என்பது என் அபிப்பிராயம்.

விசையை அழுத்தினால் தானே விரியும் ரகத்தை மாத்திரம் தொடாதே. நீ வாழும் கனடாவின் குற்றவியல் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். கையால் விரிக்கும் கத்தியையும் பயணத்தின்போது கைப்பையில் வைக்காமல், விமானத்தில் ஏற்றக் கொடுக்கும் பெட்டிக்குள் வைத்துவிடு.

அன்புடன்,
மாமா