கூரையில் மரம் இல்லாத கோயில்

ஈக்காட்டுத்தாங்கல்காரர்கள் கிண்டியில் மின்சார ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் புனித மேரி தேவாலயம். ஆங்கிலிக்கன் கோயில், 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டையானது. கம்பெனி காசு இல்லை. கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கோட்டைவாசிகளிடம் வசூலித்தே கட்டினார். பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டுமே, அதனால் கூரை முழுக்கக் கட்டுமான வளைவு. சாமி கும்பிடுகிற இடத்துக்கு எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்!

இங்கே முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது (ஆமாம், அந்த யேல் பல்கலைக்கழகத்து யேல்தான்). அதைவிட முற்றத்தில் காலடியைப் பாருங்கள். பாவியிருப்பதெல்லாம் கல்லறைக் கற்கள்! பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்பாடு சட்டக் கல்லூரி வந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளின் மறைவிலிருந்து சுட்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் அவற்றை இடித்து, பெயர் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். உடல்கள் அங்கேயே தங்கிவிட்டன.