கூண்டுக்குள் ஒரு கலப்பு மணம்

நம் ஊரில் பட்ஜிகளைத்தான் லவ் பேர்ட்ஸ் என்போம். ரிட்டயர் ஆனதும் நான் வாங்கியது நிஜமான ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ். ஆண், ஆரஞ்சு முகமுள்ள ஃபிஷர். பெண், கறுப்புத் தலையும் மஞ்சள் கழுத்துமான மாஸ்க்டு. "ஜோடி சேருமா?" என்றேன். "சேரும் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

சேர்ந்தது. நான்கு குஞ்சுகள். முகத்தில் புகை படிந்த மாதிரி ஓர் ஆரஞ்சு. இரண்டை அந்தக் கடைக்காரரே வாங்கி, ஃபிஷர் என்று சொல்லி விற்றார். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

பிறகுதான் படித்தேன். இரண்டும் தான்சானியாப் பறவைகள்; காட்டில் தனித்தனி இடத்தில் வாழ்பவை. மனிதர் கொண்டுபோனதால் கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கம் இரண்டும் கலந்து, இன்று கலப்பினக் கூட்டமே திரிகிறதாம். இந்தக் குஞ்சுகள் மலடும் அல்ல. ஃபிஷர் என்று நம்பி வாங்கியவர் இன்னொரு ஃபிஷரோடு சேர்த்தால், சில தலைமுறையில் பார்த்துக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

"என் கல்யாணத்துக்குச் சாதி பார்க்காத நீங்க, பறவைக்குப் பார்க்கிறீங்களாப்பா?" என்று மகன் சிரித்தான்.

"மனுஷன் எல்லாம் ஒரே இனம்டா. அதோட, நீ தேடிப் பிடிச்சே. இதுங்களுக்கு நான் வேற துணையே வைக்கலையே" என்றேன். பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை.

வாங்கியவர் யார் என்று கடையில் போய்க் கேட்டேன். ஞாபகமில்லையாம்.

மீதி இரண்டும் என்னிடமே இருக்கின்றன. கேட்பவர்களிடம் கலப்பு என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் கேட்பதில்லை.