ஒரு குளமும் மூன்று சொற்களும்

ஜூலை இறுதியில் இங்கிலாந்தின் பள்ளிகள் கோடை விடுமுறைக்காக மூடப்படுகின்றன. அடுத்த ஆறு வாரங்கள் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பது வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு எளிய வினா அன்று. அவ்வினாவுக்கு அந்நாடு கண்ட விடைகளுள் ஒன்று ‘கன்ட்ரி பார்க்’. ஊரின் விளிம்பில், புல்வெளியும் மரக்கூட்டமும் குளமும் சேர்ந்த பொதுநிலம் அது. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லை. உதிர்ந்த கிளைகளைச் சாய்த்துக் குடில் கட்டலாம், மட்கிய கட்டைகளைப் புரட்டிப் பூச்சிகளைத் தேடலாம், குளத்தில் வலையிடலாம்.

வலையிடுவதற்கு ஒரு முறை உண்டு. நீண்ட காம்புடைய சிறு வலையை நீருக்குள் 8 என்னும் எண்ணின் வடிவில் அசைத்து, சிக்கியதைக் குளத்துநீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழ்க்க வேண்டும். முதலில் கலங்கல் மட்டுமே தெரியும். சேறு படிந்த பின், கழுத்தின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களோடு ஒரு ‘நியூட்’ குஞ்சு தென்படலாம். தவளைக்கு உறவாகிய, பல்லி வடிவ உயிரி அது. பார்த்து முடித்ததும் அனைத்தையும் குளத்திலேயே விட்டுவிட வேண்டும்.

‘நியூட்’ என்னும் சொல்லே ஒரு செவிப்பிழையின் குழந்தை. இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘எவ்ட்’. ‘அன் எவ்ட்’ என்பதை மக்கள் ‘அ நெவ்ட்’ எனப் பிரித்துக் கேட்டனர். முன்சொல்லின் ஈற்று மெய் இடம் மாறி ஒட்டிக்கொண்டது. நூற்றாண்டுகள் நிலைத்த அச்சொல், 2007 ஆம் ஆண்டின் ஆக்ஸ்ஃபோர்டு ஜூனியர் அகராதியிலிருந்து நீக்கப்பட்டது. ‘பிராட்பேண்ட்’ போன்ற சொற்கள் உள்ளே வந்தன. 2015 இல் எழுத்தாளர்கள் 28 பேர் இத்தகைய நீக்கங்களை எதிர்த்துக் கடிதம் எழுதினர். ஆயினும் அகராதி வழக்கைப் பின்பற்றுவது. வழக்கோ அனுபவத்தைப் பின்பற்றுவது. தட்டில் அவ்வுயிரைக் கண்ட குழந்தை அதன் பெயரைக் கேட்கிறது. காணாத குழந்தைக்கு அப்பெயர் தேவைப்படுவதில்லை.

‘பார்க்’ என்பதும் ஆராயத்தக்க சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபோது அது குறித்தது, மன்னரும் பிரபுக்களும் தம் வேட்டை விலங்குகளுக்காக வேலியிட்டு அடைத்த நிலத்தை. வேலியைக் குறித்த சொல் திறந்த வெளியைக் குறிக்கலானது தானாக நிகழவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில், நடக்கும் உரிமை கேட்டு நூற்றுக்கணக்கானோர் அத்துமீறி ஏறினர்; ஐவர் சிறை சென்றனர். 1949 இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1968 ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், கன்ட்ரி பார்க்குகளை அமைக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு வழங்கியது.

அச்சட்டத்தின் உட்பொருளில்தான் மூன்றாவது சொல் இருக்கிறது: ‘மே’. உள்ளாட்சிகள் பூங்கா அமைக்கலாம் என்கிறது சட்டம். அமைத்தே ஆக வேண்டும் என்று கூறவில்லை. நிதி சுருங்கும் ஆண்டுகளில் ‘வேண்டும்’ என்பவை காக்கப்படுகின்றன. ‘லாம்’ என்பவை காத்திருக்கின்றன. நுழைவு இலவசமாகவே நீடிக்க, வண்டி நிறுத்தக் கட்டணம் உயர்கிறது. வழிகாட்டும் பணியாளர் குறைகின்றனர். வினைமுற்றின் ஒரு விகுதியை நம்பித்தான் அந்தக் குளமும், வெள்ளைத் தட்டும், காசின்றிக் கழியும் ஒரு கோடைப் பகலும் இருக்கின்றன.