ஆம்பூரில் மிதிக்காத நாள்

ஞாயிறு, காலை 7 மணி

பாலாறு கடலில் கலக்கும் வாயலூரில் கிளம்பி, ஆற்றை எதிர்த்தே போய், அது பிறக்கும் நந்தி மலையை எட்ட வேண்டும். அதுதான் இந்த சைக்கிள் பயணத்தின் திட்டம். ஆற்றின் நீளம் 348 கிலோமீட்டர், அதில் 222 தமிழ்நாட்டில். காஞ்சிபுரம், வாலாஜா, வேலூர் தாண்டி நேற்று இருட்டும் நேரத்தில் ஆம்பூர் வந்து சேர்ந்தேன். இன்று மிதிப்பதில்லை. துவைத்த துணி விடுதி மாடியில் காய்கிறது. பைகளைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுவரோரம் சாய்த்திருக்கிறேன்.

நெடுந்தூரம் மிதித்தால் தொடைத் தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் வற்றிவிடுகிறது. ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினால் மறுபடி நிரம்பும். நைந்த தசைநார்கள் தேறுவதும் அப்போதுதான். சாலையில் செலவழித்த பலம் பாயில் படுத்திருக்கும்போது திரும்பி வருகிறது. 1903இல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 2,428 கிலோமீட்டரை ஆறே கட்டங்களாகப் பிரித்து, நடுநடுவே ஓய்வு நாட்கள் விட்டார்கள். இன்று 21 கட்டங்கள், மூன்று வாரம். அதிலும் இரண்டு நாள் ஓய்வு உண்டு.

முற்பகல் 10 மணி

செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டு, ஆற்றங்கரைக்கு நடந்தேன். மணலும் முட்செடியுமாகக் கிடக்கிறது பாலாறு. வண்டியில் போயிருந்தால் பாலத்தை ஒரு நிமிடத்தில் கடந்திருப்பேன். நடந்து வந்ததால் நின்று பார்க்க முடிந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றை ஒட்டி வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். தோல் கழிவால் இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற கணக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பு. இந்த ஆற்றின் பெயரால் நாடு முழுவதற்கும் ஒரு நியாயம் கிடைத்தது.

தோல் வேலையிலும் ஓய்வு உண்டு. குரோம் ஏற்றிய தோலை டிரம்மிலிருந்து எடுத்த கையோடு அடுத்த வேலைக்குக் கொடுப்பதில்லை. அடுக்கிவைத்து ஓர் இரவாவது விடுவார்கள். குரோம் நாருக்குள் நன்றாகப் பிடிக்க அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டால் தோல் கெடும்.

பிற்பகல் 1 மணி

பிரியாணிக் கடையில் கூட்டம். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த வரமிளகாய், விறகடுப்பு தம். கூடவே எண்ணெய்க் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும். மிதித்த காலுக்கு இதைவிட நல்ல மருந்து தெரியாது.

பார்சலுக்கு நின்ற ஓர் அக்கா பேச்சுக் கொடுத்தார். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாராம்.

“ஆறு நாள் மெஷினு தம்பி. ஏழாவது நாள் துணி துவைக்கணும், வீடு கழுவணும். அதான் இன்னிக்கு அடுப்புக்காவது லீவு உடலாம்னு வந்துட்டேன்.”

“அப்ப நீங்க எப்பக்கா ஓய்வெடுப்பீங்க?”

“கம்பெனி பஸ்ல ஏறி உக்காந்தா தூங்கிடுவேன். அதுதான்.”

இரவு 8 மணி

அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரோ கேட்டு வாங்கித் தந்ததுதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு வார விடுமுறையை உறுதி செய்தது. விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றினாலும், பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்றது. பிரான்சில் வார ஓய்வுச் சட்டம் வந்தது 1906இல். பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு 1936இல் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. அந்தக் கோடையில் தொழிலாளர் குடும்பங்கள் பல சைக்கிளிலும், இருவர் மிதிக்கும் டாண்டம் வண்டியிலும் ஊர் பார்க்கக் கிளம்பின. சைக்கிள் பயணம் என்ற இன்பம் சாதாரண மக்கள் கைக்கு வந்ததில் அந்த விடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆலையின் வாசல்வரை வந்து காவல் நின்ற சட்டம் வீட்டுக்குள் வரவில்லை. துணியும் பாத்திரமும் அந்த அக்காவின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடுகின்றன. அதைத் திருப்பித் தரக்கூடியவர்கள் வீட்டில் உடன் இருப்பவர்கள்தான்.

நாளை வெயில் ஏறுமுன் வாணியம்பாடி, பிறகு ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் புல்லூர். நந்தி மலை பார்த்து ஊர் திரும்பியதும், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் துவையலும் என் பொறுப்பு. இன்றே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.