அறிவித்தவர் யார்?

மாலை ஆறரை மணி ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் எவரும் வாய் திறக்கக் கூடாது. அத்தாவின் கட்டளை அது. தாம்பரம் இரயில் நிலையத்திற்கு மேற்கே, ஓட்டு வீடுகள் நெருங்கி நின்ற தெருவொன்றில் நாங்கள் குடியிருந்தோம். இரயில்வேயில் பணியாற்றிய அத்தா, பணி முடிந்து வந்து கைகால் கழுவித் திண்ணையில் அமர்வார். தோலுறை போட்ட டிரான்சிஸ்டர் அவர் மடியில் ஏறும். சென்னை வானொலி நிலையத்தின் மாநிலச் செய்திகள் தொடங்கும். மின்சார இரயில் கடந்து செல்கையில் ஒலி கரகரத்துச் சில சொற்கள் காணாமற்போகும். அவற்றுக்காக அத்தா தமக்குச் சோறு போடும் இரயில்வேயையே கடிந்துகொள்வார்.

இன்றைய மாணவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய தலைமுறை அது. சென்னையில் ஒலிபரப்பின் வரலாறும் சுவையானதே. 1924ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய வானொலிக் கழகம், பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் ஓய்ந்தது. பின்னர் 1930 முதல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. குப்பை அள்ளுவதும் குழாய்நீர் வழங்குவதுமாக இருந்த மன்றம் பாட்டும் வழங்கியதை எண்ணினால் இப்போதும் வியப்பே! 1938 ஜூன் 16இல்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

மாநிலச் செய்திகளில் அப்படி என்னதான் இருந்தது? அமைச்சர் அடிக்கல் நாட்டியிருப்பார். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடிக்கு எத்தனை அடி குறைவு என்பது வரும். புயல் எச்சரிக்கை வரும். தாம்பரத்தின் பெயர் வருவது அரிது. எங்கள் தெருக்குழாய் மாதக்கணக்கில் வறண்டு கிடந்ததை எந்தச் செய்தியிலும் நான் கேட்டதில்லை. அது அரசின் குரல். 1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலையின்போது அந்தக் குரல் எப்படி ஒலித்தது என்பதை அத்தா மறக்கவில்லை. பிரசார் பாரதி என்னும் தன்னாட்சி அமைப்பு 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. "பிறகு ஏன் கேட்கிறீர்கள்?" என்று ஒருநாள் வினவினேன். "சொல்லாமல் விடுவது நிறைய இருக்கும் தம்பி. ஆனால் சொல்வதை யார் சொன்னது, எந்த ஊரில் நடந்தது என்று சேர்த்துச் சொல்கிறார்கள் பார்" என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தது ஒரு நோன்புப் பெருநாள். 1980களின் தொடக்கம், நோன்பு ஆனி மாத வெயிலில் வந்திருந்தது. எனக்குப் பத்து வயது. இருபத்தொன்பதாம் நோன்பு அன்று. ஆனியில் ஆறரை மணிக்கும் பொழுது முழுதாகச் சாய்வதில்லையாதலால், மாநிலச் செய்திகள் பிறையை முந்திக்கொண்டு முடிந்துவிடும். தலைமை காஜியின் முடிவை இரவில் சென்னை நிலையம் அறிவிக்கும்வரை ஊரே காத்திருக்கும். அத்தா பள்ளிவாசலில் இருந்தார். டிரான்சிஸ்டர் என் பொறுப்பில் இருந்தது. ஏழேகால் மணிக்கு தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. இரயில் ஒன்று கடந்தது. கரகரப்பின் நடுவே "பிறை தென்பட்டதையடுத்து" என்பதும், "ரமலான் பெருநாள்" என்பதும் காதில் விழுந்தன. எடுத்தேன் ஓட்டம்!

பள்ளிவாசலில் நான் கத்திய கத்தலில் மோதினார் ஒலிபெருக்கியின் பக்கம் போய்விட்டார். தராவீஹ் தொழுகைக்காக வந்திருந்தவர்களில் சிலர் தையற்கடைக்கும் சிலர் இறைச்சிக்குச் சொல்லிவைக்கவும் விரைந்தனர். இமாம் ஹஜ்ரத் மட்டும் என்னை அருகில் அழைத்தார். "எந்த நிலையம்? எந்த ஊரில் பிறை? யார் அறிவித்ததாகச் சொன்னார்கள்?" மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. வளைகுடா நாடுகளில் முந்தைய நாள் பிறை கண்டு அன்று பெருநாள் கொண்டாடிய செய்தி அது என்பது, தம் வீட்டில் அதையே முழுமையாகக் கேட்டு வந்த ஒருவரால் தெரிந்தது. அத்தா என்னை அடிக்கவில்லை. மோதினாருடன் வீடு வீடாக அனுப்பினார். "நான் சரியாகக் கேட்கவில்லை, நாளை பெருநாள் என்பது உறுதியில்லை" என்று ஒவ்வொரு வாசலிலும் நானே சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சென்னை நிலையம் அறிவித்தது: பிறை தென்படவில்லை. முப்பதாம் நோன்பை நோற்றோம்.

மறுநாள் ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே விளக்கினார். நபிமொழி நூல்களில் ஒரு செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பவரை அறிவிப்பாளர் என்கிறோம். வானொலியில் பேசுபவரும் அறிவிப்பாளரே. வானொலிப் பிறைச் செய்தியைச் சாட்சியமாக ஏற்கலாமா என்று ஆலிம்கள் நெடுங்காலம் விவாதித்ததுண்டு. பிறை பார்த்தேன் என்று சாட்சி சொல்வது வேறு, காஜி கண்ட முடிவை மக்களுக்கு எட்டவைப்பது வேறு என்பதே அவர்களுள் பலர் கண்ட தெளிவு. இரண்டாவதற்கு வானொலி போதும். ஆனால் முடிவு யாருடையது என்பது அதில் இருக்க வேண்டும்.

அத்தா மறைந்தபின் டிரான்சிஸ்டர் என்னிடம் வந்தது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்யத் தொடங்கிய மழை, மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் ஊமையாயின. முடிச்சூருக்கு அருகே எங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. "செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது!" என்று இருளில் ஒரு குரல். அடுத்த நொடியே குழந்தைகளைத் தோளில் தூக்கியவாறு கழுத்தளவு நீரில் இறங்க இருவர் துணிந்துவிட்டனர்.

"யார் சொன்னது?" என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. டிரான்சிஸ்டரைத் திருகினேன். ஏரியிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்படுவதாகவும் அடையாற்றங்கரையில் இருப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறும் செய்தி சொல்லிற்று. உடைந்ததென்று சொல்லவில்லை. உடையவில்லையென்றும் சொல்லவில்லை. அப்போது கீழ்வீட்டிலிருந்து எங்களிடம் ஏறி வந்திருந்த முதியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, அந்த ஏரித் தண்ணீர் ஆற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். நமக்குக் கீழே. நம்மை முக்குவது மேலே மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் தண்ணீர்." பொதுப்பணித் துறையில் காலம் கழித்தவர் அவர். படியில் இறங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். நீர் மேலும் மூன்று படிகள் ஏறி நின்றது. மாடியில் இருந்த எவருக்கும் தீங்கில்லை. ஏரி உடையவே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. திறந்துவிட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி என்றார்கள். சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் பட்ட துயரை நாடறியும்.

அடுத்த நாள் பொழுது சாயும் வேளையில், நனைந்த சட்டையை மாடிக் கைப்பிடிச் சுவரில் உலர்த்திக்கொண்டிருந்த அந்த முதியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆறரை ஆகிவிட்டதா தம்பி? பேட்டரி தாங்குமா?"