அலைமேல் ஒரு கண்

கடல் காணாத சேலம் சீமைப் பெண்கள் நாங்கள். மேட்டூர் நீர்த்தேக்கமே எங்கள் சமுத்திரம். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியைத் திரையில் கண்டு வியந்தோம். ஆயினும், கரையிலிருந்து எடுத்த படத்தில் வீரரின் முகம் தெரியவில்லை.

அந்த முகத்தைக் காட்டுவது பலகையிலேயே பொருத்தும் சிறு காமிரா. அலைச்சறுக்குப் பிரியரான அமெரிக்கர் நிக் வுட்மன் 2002-இல் தொடங்கிய கோப்ரோ நிறுவனம், 2004-இல் விற்ற முதல் காமிரா மணிக்கட்டில் கட்டும் ஃபிலிம் காமிராதான்!

நீர் புகாமை, அகன்ற பார்வை, நடுக்கம் தணிக்கும் வசதி ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். பலகை முனையில் மெழுகையும் உப்பையும் துடைத்து, உலர்த்தி, தாங்கியை அழுத்தி ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவைக்க வேண்டும். காப்புக் கயிறும் அவசியம். அவசரப்பட்டால் அலை பறித்துக்கொள்ளும்.

பொதுத்தேர்வை எதிர்நோக்கும் பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்கும் அதுவே பாடம்: அலை வருமுன் ஒட்டியதே அலையில் நிற்கும்.