கடிகாரம் சொன்ன சேதி

அல்லாஹ் நமக்கு அளித்துள்ள அமானிதங்களுள் உடல்நலமும் ஒன்று. அதனைப் பேண உதவும் கருவிகளை, அவற்றின் எல்லை அறிந்து பயன்படுத்துதல் நன்று.

வளைகுடாவில் பணிபுரியும் என் தம்பி, பெருந்துறையிலுள்ள எங்கள் அத்தாவுக்கு ஆப்பிள் கைக்கடிகாரம் அனுப்பியிருந்தான். அதன் பக்கவாட்டுக் குமிழில் மறுகை விரலை 30 வினாடி வைத்தால் இ.சி.ஜி. பதிவாகும். ஒருநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் எடுத்தபோது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று காட்டியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை அது. அங்கே இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும்.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே!" என்றார் அத்தா. ஆயினும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் 12 லீடு இ.சி.ஜி. எடுத்து நோயை உறுதிசெய்து, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எழுதினார்.

"கடிகாரம் இதயத்தை ஒரு கோணத்தில் மட்டுமே பார்க்கிறது. மாரடைப்பை அது கண்டறியாது. ‘இயல்பு’ என்று காட்டினாலும், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்" என்றும் எச்சரித்தார்.

சகோதர சகோதரிகளே! கடிகாரம் எச்சரித்தால் அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்.